மேற்கு வானத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெளிச்சங்கள்: கோள் இணைவு என்றால் என்ன?

சில மாதங்களில், பின்னேரம் ஆறே முக்கால் மணிபோல வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கடற்கரைப் பக்கம் போனால், சூரியன் இறங்கிய இடத்துக்கு மேலே மிகப் பிரகாசமான இரண்டு புள்ளிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். ஒன்று கண்ணைப் பறிக்கும் வெள்ளை. மற்றது அதைவிட மங்கல், ஆனாலும் வானத்தில் உள்ள எந்த நட்சத்திரத்தையும் விடப் பிரகாசம். அன்று இரவே குடும்ப வட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிடும், கூடவே கேள்வியும் வரும்: இது ட்ரோனா, சட்டலைட்டா, கட்டுநாயக்காவில் இறங்கப் போகிற பிளேனா? மூன்றும் இல்லை. பெரும்பாலும் அவை வெள்ளியும் வியாழனும்தான். இரண்டு கோள்கள் நம் பார்வைக்கு இப்படிக் கிட்ட வந்து நிற்பதைக் கோள் இணைவு என்கிறோம். பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் கிரகச் சேர்க்கை என்பார்கள்.

வானத்தில் உள்ள நல்ல காட்சிகளில் இதுதான் மிகச் சுலபமானது. தொலைநோக்கி வேண்டாம். நகரத்து வெளிச்சத்தை விட்டு மலைநாட்டுக்குப் போக வேண்டாம். கொட்டாஞ்சேனையில் தெரு விளக்குகளுக்கு நடுவே ஒரு தொடர்மாடி மொட்டை மாடியில் நின்றாலும் தெரியும், ஏனென்றால் சூரியன், சந்திரனுக்கு அடுத்தபடி வானத்தில் பிரகாசமானது வெள்ளி, வழக்கமாக அதற்கு அடுத்தது வியாழன். மேற்குப் பக்கம் மறைப்பில்லாமல் இருக்க வேண்டும், முகில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் அதுதான். இணைவு என்பது ஒரு நாள் இரவில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற காட்சி இல்லை. ஒரு கிழமையாவது, முடிந்தால் இரண்டு மூன்று கிழமை, அதே இடத்தில் நின்று பார்க்க வேண்டும். "இன்று இரவு தவற விடாதீர்கள்" என்று செய்திகளில் போடுகிறார்கள், மக்களும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் போகிறார்கள், அன்று மழை பெய்தால் எல்லாம் போய்விட்டது என்று திரும்புகிறார்கள். உண்மையில் அந்த நாளுக்கு முன்னும் பின்னும்தான் விஷயமே இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், அவை உண்மையிலேயே கிட்ட வருவதில்லை. கடற்கரையில் நின்றால், கரைக்குப் பக்கத்தில் போகும் மீன்பிடி வள்ளமும் துறைமுகத்துக்குள் போக முறை பார்த்து வெளிக்கடலில் நங்கூரமிட்டிருக்கும் கொள்கலன் கப்பலும் சில நேரம் ஒன்றையொன்று முட்டுவது போலத் தெரியும். நடுவில் பல கிலோமீட்டர் தண்ணீர் கிடக்கும். வானத்திலும் நடப்பது அதுவே, தூரம் மட்டும்தான் வேறு. 2023 மார்ச் 1, 2 ஆம் திகதிகளில் வெள்ளியும் வியாழனும் மாலை வானத்தில் முழுநிலவின் அகலமளவு இடைவெளியில் நின்றன. அப்போது வெள்ளி நம்மிடமிருந்து ஏறக்குறைய 20 கோடி கிலோமீட்டரில் இருந்தது, வியாழன் ஏறக்குறைய 86 கோடி கிலோமீட்டரில். வெள்ளியின் வெளிச்சம் நம் கண்ணுக்கு வந்து சேர 11 நிமிடம் எடுத்தது, வியாழனுடையது 48 நிமிடம். ஆறே முக்காலுக்குக் கடற்கரையில் நின்று நீங்கள் பார்த்த வியாழன், நீங்கள் வேலை முடிந்து காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நின்ற நேரத்து வியாழன். பக்கத்திலேயே தெரிந்த வெள்ளியோ வெறும் 11 நிமிடத்துக்கு முந்திய வெள்ளி. இரண்டு வேறு நேரங்களை ஒரே பார்வையில் பார்க்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இந்தத் தூரக் கணக்கு இன்னொன்றையும் விளக்கிவிடும். வியாழன்தான் பெரியது, குறுக்களவு 143,000 கிலோமீட்டர். வெள்ளி 12,100 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நமது பூமியளவு. அப்படியிருந்தும் அந்த 2023 இணைவில் வெள்ளி வியாழனைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு பிரகாசமாக இருந்தது. வெள்ளி நமக்குக் கிட்ட இருக்கிறது, சூரியனுக்கும் கிட்ட இருக்கிறது, பூமிக்குக் கிடைப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெயில் அதற்குக் கிடைக்கிறது. கோள் முழுவதையும் தடித்த வெண்முகில் மூடியிருப்பதால் அந்த வெயிலில் பெரும்பங்கு அப்படியே திரும்பி வருகிறது. வியாழனுக்குக் கிடைக்கும் வெயில் நமக்குக் கிடைப்பதில் 27 இல் ஒரு பங்கு. அவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் அத்தனை தூரத்திலும் அப்படித் தெரிகிறது.

சரி, வானம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது இரண்டு கோள்கள் ஏன் சந்திக்க வேண்டும்? ஒன்று வடக்கே ஒன்று தெற்கே என்று திரியலாமே. திரியாது. ஏறக்குறைய 460 கோடி வருஷங்களுக்கு முன்பு சூரியனைச் சுற்றித் தட்டையாகச் சுழன்றுகொண்டிருந்த வாயுவிலும் தூசியிலும் இருந்துதான் கோள்கள் எல்லாம் உருவாயின, அதனால் அவற்றின் சுற்றுப்பாதைகள் இன்றும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் கிடக்கின்றன. பூமியும் அதே தளத்தில்தான் சுற்றுகிறது. நாமும் அந்தத் தளத்துக்குள்ளேயே இருந்து பார்ப்பதால், எல்லாக் கோள்களும் சூரியனும் வானத்தில் ஒரே ஒடுக்கமான பாதையில் போவதாகத் தெரிகிறது. இந்தப் பாதையை நாம் எல்லோரும் அறிவோம். மேஷம், இடபம், மிதுனம் என்று பன்னிரண்டு ராசிகள் வரிசையாக இருப்பது இந்தப் பாதையில்தான். ஒரே பாதையில் வெவ்வேறு வேகத்தில் போகிறவை ஒன்றையொன்று கடக்காமல் இருக்க முடியாது. அந்தக் கடப்புத்தான் இணைவு.

பாதைகள் துல்லியமாக ஒரே தளம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பூமியின் தளத்தோடு ஒப்பிட்டால் வெள்ளியின் பாதை 3.4 பாகை சாய்ந்திருக்கிறது, சனியினுடையது 2.5, வியாழனுடையது 1.3. இந்தச் சின்னச் சாய்வுகளால்தான் ஒன்று மற்றதைக் கடக்கும்போது நேராக மேலே ஏறி மறைப்பதில்லை, கொஞ்சம் மேலாலோ கீழாலோ போகிறது. வெள்ளி வியாழனை மறைப்பது மிக அரிது. கடைசியாக 1818 இல் நடந்தது, அடுத்தது 2065 இல்.

இங்கே நம் ஆட்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. குருப்பெயர்ச்சி என்று வருஷா வருஷம் பத்திரிகையில் பக்கம் பக்கமாக வருகிறதே, அந்தக் குருவேதான் வியாழன். வியாழன் சூரியனை ஒரு தடவை சுற்ற ஏறக்குறைய 12 வருஷம் எடுக்கும். ராசியும் 12. ஆகவே ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய ஒரு வருஷம். ஒரு ராசி 30 பாகை, ஆக வியாழனின் வேகம் வருஷத்துக்கு 30 பாகை. சனி ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பதரை வருஷம் எடுப்பதால் ஒரு ராசிக்கு இரண்டரை வருஷம், சனிப்பெயர்ச்சிக் கணக்கும் அதுவே. அதாவது வருஷத்துக்கு ஏறக்குறைய 12 பாகை. இப்போது கழித்துப் பாருங்கள். வியாழன் வருஷத்துக்கு 18 பாகை முந்துகிறது. முழு வட்டம் 360 பாகை. 360 ஐ 18 ஆல் வகுத்தால் 20. வியாழனும் சனியும் 20 வருஷத்துக்கு ஒரு தடவை சந்திக்கும்! 2000 ஆம் ஆண்டு சந்தித்தன, 2020 டிசம்பரில் சந்தித்தன, அடுத்தது 2040. பெயர்ச்சிப் பலன் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் இந்தக் கணக்குப் போடத் தெரியும்.

அந்த 2020 டிசம்பர் 21 சந்திப்பு விசேஷமானது. இரண்டுக்கும் இடைவெளி ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குதான், சிலருடைய கண்ணுக்கு ஒரே புள்ளியாகவே தெரிந்தது. நத்தாருக்கு நாலு நாள் முன்னால் வந்ததால் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். அவ்வளவு கிட்ட நின்றபோதும் அவற்றுக்கு இடையில் உண்மையான தூரம் ஏறக்குறைய 73 கோடி கிலோமீட்டர். அதற்கு முந்தி இப்படிக் கிட்ட வந்தது 1623 இல், ஆனால் அப்போது சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருந்ததால் பார்ப்பது கஷ்டம். நன்றாகப் பார்க்கக்கூடியதாக இருந்தது 1226 இல்.

கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றி வருகிறோம், குருப்பெயர்ச்சிக்கு அர்ச்சனை செய்கிறோம், எந்த நிமிடத்தில் எந்த ராசிக்குள் போகிறார் என்று தெரிந்து வைத்திருக்கிறோம். ஆனால் அந்தக் குருவை வானத்தில் கைகாட்டச் சொன்னால் நம்மில் பலருக்குத் தெரியாது. இதை யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அவ்வளவு நெருக்கமாக அறிந்த ஒன்றைக் கண்ணால் பார்க்காமலே விடுகிறோமே என்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். இணைவு நாட்களில் இதைச் சரிசெய்துகொள்வது மிகச் சுலபம், ஏனென்றால் வெள்ளியை எவரும் கண்டுபிடித்துவிடலாம். பக்கத்தில் நிற்பதுதான் வியாழன்.

இப்போது அந்த ஒரு கிழமை விஷயத்துக்கு வருவோம். வானத்தில் இடைவெளியை அளக்கக் கை போதும். கையை முழுவதாக நீட்டிப் பிடித்தால் சின்னி விரலின் அகலம் ஏறக்குறைய ஒரு பாகை. பொத்திய கை பத்துப் பாகை. முழுநிலவு அரைப் பாகைதான், நம்ப மாட்டீர்கள், சின்னி விரலாலேயே அதை மறைத்துவிடலாம். பெரியவர் கைக்கும் சின்னப் பிள்ளையின் கைக்கும் இது ஏறக்குறைய ஒரேமாதிரியே வரும், பிள்ளையின் விரல் சின்னது என்றால் கையும் கட்டைதானே.

வெள்ளி மாலை வானத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு நாளைக்கு ஒரு பாகைக்குச் சற்று அதிகமாக நகரும். வியாழன் ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்கு போல. ஆகவே இரண்டுக்கும் இடையிலான தூரம் நாளுக்கு ஒரு பாகை மாறும், அதாவது மாலைக்கு ஒரு சின்னி விரல். இணைவுக்கு ஒரு கிழமை முன்பு பார்த்தால் ஏழு விரல் இடைவெளி. மறுநாள் ஆறு. அடுத்த நாள் ஐந்து. கணக்கு வைத்துப் பார்க்கலாம், பிள்ளைகளைக்கொண்டு கொப்பியில் எழுத வைக்கலாம். கடந்த பிறகு அதேபோல மறுபக்கம் விலகிப் போகும். கோள்கள் நகர்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், ஆனால் நகர்வதை வெறுங்கண்ணால், ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் இடையில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் பார்க்கக் கிடைப்பது இந்த நாட்களில்தான். பக்கத்தில் ஒரு அடையாளம் இல்லாவிட்டால் வெள்ளி ஒரு பாகை நகர்ந்ததை யார் கவனிக்கப் போகிறார்கள்? வியாழன் பக்கத்தில் நிற்பதால்தான் கவனிக்கிறோம்.

தொடர்ந்து பார்க்கிறவர்கள் இன்னொன்றையும் காண்பார்கள். ஒவ்வொரு நாளும் சூரியன் மறைந்து அதே அளவு நேரம் கழித்துப் பார்த்தால் வியாழன் நாளுக்கு நாள் கடலை நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும், வெள்ளி மிக மெதுவாக மேலே ஏறும். 2023 பெப்ரவரி தொடக்கத்தில் மேலே வியாழன், கீழே வெள்ளி, நடுவில் கிட்டத்தட்ட மூன்று பொத்திய கை இடைவெளி. 22 ஆம் திகதி மாலை இளம்பிறையும் வந்து அவற்றோடு நின்றது. மார்ச் முதல் இரண்டு நாளில் கடந்தன. பிறகு மேலே வெள்ளி, கீழே வியாழன். வியாழன் இறங்குவது அதன் சொந்த நடையால் இல்லை. பூமி சூரியனைச் சுற்றுவதால் சூரியன் ராசிப் பாதையில் நாளுக்கு ஒரு பாகை முன்னேறி வியாழனை எட்டிப் பிடிக்கிறது, அதையே நாம் வியாழன் இறங்குவதாகப் பார்க்கிறோம். வெள்ளி பூமியைவிட வேகமாக, செக்கனுக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால் சூரியனுக்குப் பிடி கொடுக்காமல் விலகிக்கொண்டு போகிறது. பூமியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 30, வியாழனுடையது 13. ஒரு காட்சியில் மூன்று கோள்களின் வேகமும் இருக்கிறது, நாம் நிற்கிற கோளின் வேகம் உட்பட.

கொழும்பில் இருப்பது இதற்கு நல்ல அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். முகிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நாம் பூமத்திய ரேகையிலிருந்து 7 பாகைதான் வடக்கே இருக்கிறோம். அதனால் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது, ராசிப் பாதையும் தொடுவானத்திலிருந்து எப்போதும் நிமிர்ந்தே நிற்கிறது. வருஷத்தின் எந்த மாதத்திலும் மாலையில் அந்தப் பாதையின் சரிவு கொழும்பில் ஏறக்குறைய 60 பாகைக்குக் குறையாது. லண்டனில் இலையுதிர் கால மாலைகளில் அதே பாதை வெறும் 15 பாகையில் படுத்துக்கிடக்கும். அந்த மாதங்களில் அங்கே இருக்கிற உங்கள் சித்தப்பாவுக்கு வெள்ளி கூரைகளுக்கு மேலே எழும்பவே கஷ்டப்படும், சூரியன் போன கொஞ்ச நேரத்திலேயே அதுவும் போய்விடும். அதே வெள்ளி அதே நாளில் இங்கே உயரத்தில் நிற்கும். வசந்த காலத்தில் அவர்களுக்கும் நல்ல காட்சி கிடைக்கும், ஆனால் நமக்கு எல்லா மாதமும் நல்லதுதான்.

பிறை படுத்தாற்போல, இரண்டு நுனியும் மேலே பார்த்தபடி நம் ஊரில் தெரிவதற்கும் இதே காரணம்தான். 2008 டிசம்பர் 1 மாலை வெள்ளியும் வியாழனும் மேலே பக்கத்துப் பக்கத்தில், கீழே படுத்த இளம்பிறை. இரண்டு கண்ணும் சிரித்த வாயும் உள்ள முகம் என்று ஆசியாவில் பல நாடுகளில் மக்கள் வீதிக்கு வந்து பார்த்தார்கள். அதை நேரில் பார்த்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

எப்போது போய் நிற்பது? நமக்கு அந்தி நேரம் குறுகியது. சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் நன்றாக மங்கிவிடும். வெள்ளி சூரியன் மறைகிறபோதே தெரியத் தொடங்கும், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால். கால் மணித்தியாலம் கழித்து வியாழனும் வரும். சூரியன் மறைந்த இருபத்தைந்தாவது நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை நல்ல நேரம். அப்போது வானம் முழுவதாகக் கறுத்திருக்காது, கீழே செம்மஞ்சளும் மேலே கருநீலமுமாக இருக்கும், எனக்குப் பிடித்ததும் அந்த நேரம்தான். ஜூனில் சூரியன் நேர் மேற்கிலிருந்து வலப்பக்கமாக இரண்டு பொத்திய கைக்கும் அதிகம் தள்ளி மறையும், டிசம்பரில் அதேயளவு இடப்பக்கம். அதை வைத்து எங்கே நிற்பதென்று முடிவு செய்யுங்கள். காலிமுகத்திடல், வெள்ளவத்தையில் மரைன் டிரைவ், தெஹிவளை, கல்கிசை, எங்கும் மேற்கே திறந்த கடல்தான். மரைன் டிரைவில் படம் எடுக்கிற ஆசையில் தண்டவாளத்தில் மட்டும் ஏறி நிற்காதீர்கள், அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது.

முகில்தான் பிரச்சினை. ஜனவரியில் இருந்து மார்ச் நடுப்பகுதி வரை கொழும்பில் மாலை வானம் பெரும்பாலும் நல்லது. மார்ச் கடைசி, ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் இடியோடு மழை வரும், ஆனால் சில நாட்களில் மழை விட்டபிறகு தூசி அடங்கி மிகத் தெளிவான வானம் கிடைக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்கே கடலுக்கு மேல் முகில் கட்டி நிற்கும். அந்த மாதங்களில் ஒரு நாளை மட்டும் நம்பியிருந்தால் ஏமாற்றம்தான். ஒரு கிழமை முழுவதும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று மாலையாவது முகில் விலகும்.

எது எது என்று தெரிந்துகொள்வதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பளீர் வெள்ளை வெள்ளி. கொஞ்சம் பால் நிறமாக, நிதானமாக எரிவது வியாழன். செவ்வாய் சிவந்திருக்கும், சனி மங்கலான மஞ்சள். கோள்கள் நட்சத்திரம்போல மின்னாது, ஆனால் கடலுக்கு மிகக் கிட்ட இறங்கிவிட்டால் தடித்த காற்றில் அவையும் கொஞ்சம் துடிக்கும். விமானத்தின் முன் விளக்கு சில நிமிடம் அசையாமல் நிற்பது போலத் தெரிந்து குழப்பும். ஐந்து நிமிடம் பார்த்தால் விமானம் நகர்ந்துவிடும், வெள்ளி நகராது.

வீட்டில் பழைய பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். சாதாரண பைனாகுலரில் ஐந்தாறு பாகை அகலம் தெரியும், இரண்டு கோளும் ஒன்றாகவே உள்ளே வரும். சுவரிலோ கம்பியிலோ முழங்கையை ஊன்றி ஆடாமல் பிடித்தால் வியாழனுக்கு இரு பக்கமும் ஒரே கோட்டில் மிகச் சின்னப் புள்ளிகள் தெரியும். நாலும் தெரியலாம், மூன்று தெரியலாம், அவை வியாழனைச் சுற்றுவதால் நாளுக்கு நாள் இடம் மாறும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட அதே நாலு சந்திரன்கள். சின்னத் தொலைநோக்கி இருந்தால் வெள்ளிக்கும் சந்திரனைப்போலத் தேய்பிறை வளர்பிறை இருப்பது தெரியும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: சூரியன் முழுவதாக மறைவதற்கு முன்பு பைனாகுலரை மேற்கே திருப்பவே கூடாது. சூரியன் ஒரு நொடி உள்ளே பட்டாலும் கண் பார்வை போகலாம். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது இன்னும் கவனம்.

போனில் படம் எடுக்கிறவர்கள் சூம் செய்யாதீர்கள், கோள் வெறும் கொழுத்த வெளிச்சமாகத்தான் வரும். போனை எதிலாவது சாய்த்து வைத்து, திரையில் வெளிச்ச அளவைக் குறைத்து, கீழே கடலும் கப்பல் விளக்குகளும் வருமாறு எடுத்தால் நன்றாக இருக்கும். இன்னும் நல்லது, ஒவ்வொரு மாலையும் அதே இடத்தில் நின்று அதே கம்பத்தை ஓரத்தில் வைத்து எடுப்பது. கடைசியில் படங்களை வரிசையாக வைத்தால் இரண்டும் இடம் மாறியது கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

திகதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுச் செய்திகள் தங்கள் ஊர் நேரத்தைத்தான் சொல்லும். இரண்டும் மிகக் கிட்ட வரும் கணம் என்பது உலகம் முழுவதற்கும் ஒன்றுதான், ஆனால் அந்தக் கணத்தில் கொழும்பில் நடுப்பகலாக இருக்கலாம், விடிகாலையாக இருக்கலாம். அமெரிக்காவில் 1 ஆம் திகதி மாலை என்றால் நமக்கு 2 ஆம் திகதி விடிந்துவிட்டது. ஸ்டெலேரியம் என்ற செயலியை இலவசமாகப் போனில் போட்டு, இடம் கொழும்பு என்று கொடுத்துப் பார்த்தால் நம் வானம் அப்படியே தெரியும். பஞ்சாங்கத்திலும் பார்க்கலாம், கிரக நிலைகள் இருக்கும். வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் பெயர்ச்சித் திகதியில் சில நாள் வித்தியாசம் வருவது தெரிந்ததுதான். இணைவு எந்த நாள் என்பதை நீங்களே கடற்கரையில் நின்று விரலால் அளந்து தீர்மானிக்கலாம். பிள்ளைகளுக்கு மாதக்கணக்கான நகர்வை ஒரே இருப்பில் காட்ட வேண்டுமென்றால் கொழும்பு 7 இல் 1965 இல் கட்டப்பட்ட கோள்மண்டலம் இருக்கிறது, காட்சி நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள்.

இதனால் ஏதும் கெடுதல் வருமா, கடல் பொங்குமா என்று கேட்கிறவர்களும் உண்டு. 2004 ஐப் பார்த்த ஊரில் அந்தப் பயம் வருவது இயல்பு, அதைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. விடை: வராது. கடலை ஏற்றி இறக்குவது சந்திரனும் சூரியனும். வெள்ளி நமக்கு மிகக் கிட்ட வரும் நாளில்கூடக் கடலை அது இழுப்பது சந்திரன் இழுப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வியாழன் அதைவிடக் குறைவு. இரண்டும் ஒரே திசையில் தெரிவதால் அது கூடிவிடாது. சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வந்தது, கோள்களால் இல்லை.

வெள்ளியும் வியாழனும் நல்ல மாலை வானத்தில் சந்திப்பது அண்மைக் காலத்தில் ஏறக்குறைய மூன்று வருஷமும் மூன்று மாதமும் இடைவிட்டு வருகிறது: 2019 நவம்பர் 24, 2023 மார்ச் 1, 2, பிறகு 2026 ஜூன் 9. நடுவில் விடிகாலைச் சந்திப்புகளும் உண்டு, 2025 ஓகஸ்ட் 12 அப்படி ஒன்று. 2026 ஜூன் சந்திப்பில் இடைவெளி 1.6 பாகை, ஒன்றரைச் சின்னி விரல். இடம் புனர்பூசத்தின் இரண்டு பெரிய நட்சத்திரங்களுக்குப் பக்கம். அந்த இரண்டுக்கும் நடுவில் நாலரைப் பாகை, ஆகவே அளப்பதற்கு விரல்கூட வேண்டாம், நட்சத்திர இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு என்று கண்ணாலேயே ஒப்பிடலாம். பருவக்காற்றுக் காலம் என்பதால் ஜூன் முதலாம் திகதியிலிருந்தே பார்க்கத் தொடங்குவது நல்லது. அதே நாட்களில் இன்னும் கீழே, சூரியன் மறைந்த இடத்துக்குக் கிட்ட, புதனும் இருக்கும். 15 ஆம் திகதி அமாவாசை கழிந்து இரண்டு மூன்று மாலைகளில் இளம்பிறையும் அந்தப் பக்கம் ஏறிவரும். ஜூலை கடைசியில் வியாழன் சூரியனுக்குப் பின்னால் போய் மறைகிறது, ஓகஸ்ட் பிற்பகுதியில் அதை விடிகாலை கிழக்கே, கடலுக்கு மறுபக்கம், வீட்டுக் கூரைகளுக்கு மேலே தேட வேண்டும். வெள்ளி ஓகஸ்ட் நடுப்பகுதியில் சூரியனிலிருந்து மிக அதிகம் விலகி நின்று, பிறகு வேகமாக இறங்கி, ஒக்டோபர் 24 அளவில் நமக்கும் சூரியனுக்கும் நடுவே கடந்து, அடுத்த மாதம் அதுவும் விடிகாலைப் பக்கம் வந்துவிடும்.